மணிக்கணக்குச் சம்பளம்

அப்பாவின் குதிகாலில் புண்ணே இல்லை.

மத்தியானம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது கட்டு நழுவியிருந்தது. சரிசெய்யலாம் என்று குனிந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். சர்க்கரைப் புண் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் வழவழவென்று புதுத் தோல். வடுகூட மங்கிவிட்டது.

‘இதுக்கா வாரா வாரம் வந்து கட்டுப் போடறாங்க?’

அவள் வெளியூரில் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பொய்க் கணக்கை மோப்பம் பிடிப்பதுதான் பிழைப்பு. அப்பாவைப் பார்க்க வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த மறுநாளே இப்படி ஒன்று கையில் சிக்கிவிட்டது.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். அரசு சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போகிறவள். நாற்பது வயதிருக்கும். சொந்த வீடு மாதிரி நேராக உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

“என்னப்பா, எப்படி இருக்கு?”

“அதையேம்மா கேக்கறே. காலை ஊனவே முடியல.”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் மொட்டை மாடி வரை ஏறி, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்! சொல்லிச் சொல்லியே இவரை நம்பவைத்திருக்கிறாள் இந்தப் பொம்பளை.

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். துடைத்தாள். மருந்து தடவினாள்.

“மெதுவாம்மா, மெதுவா...” அப்பா பல்லைக் கடித்தார்.

“இதோ ஆச்சு. அந்த பம்ப் ஹவுஸ் கதையை பாதியில விட்டீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?”

அப்பா குடிநீர் வாரியத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாமல் பேசினார். நர்ஸ் “அப்புறம்?”, “அய்யோ, அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே மெள்ள மெள்ளக் கட்டைச் சுற்றினாள். முழுசாக ஒரு மணி நேரம்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. உங்களுக்கு லீவு கிடையாதா?” மகள் கேட்டாள்.

“எனக்கு இங்க வர ஞாயித்துக்கிழமைதாங்க தோது.”

தோதாகத்தானே இருக்கும்!

மகள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“உங்க நர்ஸுங்களுக்கு மணிக்கணக்குல சம்பளம்னு கேள்விப்பட்டேன். எப்படிக் கணக்குப் பண்றீங்க?”

“நோயாளி வீட்டுக்குள்ள இருக்கற நேரத்துக்கு மட்டும்தாம்மா காசு. பஸ்ஸுல போறது, வாசல்ல காத்துக் கிடக்கறது எதுவும் சேராது. மத்த நாள்ல ஒரு ரேட், ஞாயித்துக்கிழமை ஒன்றரை மடங்கு. ஏன் கேக்கறீங்க?”

“ஆறிப்போன புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஒன்றரை மடங்கு வாங்கினா, அதுக்கு என்ன பேருங்க?”

அப்பாவின் பெயரையும் முகவரியையும் சொன்னாள். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்.

“அந்த வீட்டை மழைக்கு முன்னாடியே முடிச்சாச்சேம்மா. புண் ஆறிடுச்சுன்னு சிஸ்டரே வந்து சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குன்னு நாங்க சம்பளமே போடல. அதுவுமில்லாம, அவங்க ஞாயித்துக்கிழமை வேலையே பார்க்கறதில்லை.”

மகள் போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது நர்ஸ் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். நான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்.”

நர்ஸின் முகம் வெளிறியது. “அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. சம்பளம் இல்லாம எதுக்கு வர்றீங்க?”

நர்ஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் அன்னிக்கு வந்தேன். கதவைத் திறந்தவரு பேச வாயெடுத்தா காத்துதான் வருது. தொண்டையைச் செருமிக்கிட்டு, ‘ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலம்மா, குரலே எழும்ப மாட்டேங்குது’ன்னாரு. எனக்குச் சொல்ல வாய் வரல. பையைத் திறந்து கட்டுத்துணியை எடுத்துட்டேன்.”

“ஆனா வலிக்குது வலிக்குதுங்கறாரே...”

“தனியா இருக்கறவங்களுக்கு வலிக்கத்தாங்க செய்யும். என் வீட்டுலயும் பூட்டறது, திறக்கறது எல்லாம் நான் ஒருத்திதான். லீவு நாள்ல சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கறதுக்கு, இங்க வந்தா ரெண்டு கதையாவது கேக்கலாம்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “சும்மா வர்றேன்னு தெரிஞ்சா, வேண்டவே வேண்டாம்னுடுவாரு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.”

அவள் தெருமுனை திரும்பும்வரை மகள் படியிலேயே நின்றாள். தான் செய்யும் போன்கள் ஞாபகத்துக்கு வந்தன. ‘சாப்டியாப்பா? சரி, வச்சிடட்டுமா?’

உள்ளே வந்தபோது அப்பா வாசலை எட்டிப் பார்த்தார்.

“போயிட்டாளா?”

“போயிட்டாங்க.”

அப்பா எழுந்தார். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நடந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மத்தியானம் நீ என் காலைப் பார்த்தியே, நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். புண்ணு எப்பவோ ஆறிப்போச்சு. அது எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே.”

“ஏம்ப்பா?”

“நானும் பல வருஷம் தினக்கூலியா இருந்தவன்தானே. வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பற வலி எனக்குத் தெரியும். பாவம், மணிக்கணக்குச் சம்பளம். ஆறினது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு வர்றதையே நிறுத்திடுவா, ஒரு மணி நேரக் காசு போயிடுமேன்னுதான் வாரா வாரம் வலிக்கற மாதிரி நடிச்சிட்டிருக்கேன்.”