மூடியின் மேல் இரண்டு செங்கல்

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில், செய்யாத கொலைக்காக ஈப்போவின் அந்தத் தெருவே கேட்கத் திட்டு வாங்கினாள் லை குவான். திட்டியவர் மாமனார் கம் வா. செத்தது, அவர் பதினோரு வருஷமாக வளர்த்த சிவப்பு அரோவானா மீன்.

சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தபோது, கை நீள மீன் கூடத்துத் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. இடது கையால் மீனைத் தூக்கக் குனிந்தாள்.

"தொடாதே. பூன் லை குவான், நீதானே மூடியைத் திறந்து போட்டே? பூன் லை குவான், உன்னாலதான் போகுது. கேட்டுச்சா, பூன் லை குவான்?"

எதிர்க் காப்பிக் கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. மீன் அடங்கியது.

லை குவான் சமையலறைக்குப் போய் அழுதாள்.

"மீனுக்காக அழலை, ஹுய் சின்," என்றாள் நாத்தனாரிடம். "வீட்டுக்கு வர்ற கெட்டதை அது தாங்கிக்கும்னு மாமா சொல்வாரு. நாளைக்கு மார்புக் கட்டியை எடுக்கப் போறாங்க. இன்னிக்குப் பார்த்துப் போயிடுச்சே."

"தவளை முழுங்கவே அதுக்கு நேரம் போதாது. இதுல கெட்டதை வேற தாங்குதாக்கும். நீங்களா அண்ணி திறந்தீங்க?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க?"

"அவர் முகத்தைப் பார்த்தியா? அந்த முகத்துகிட்ட என்னத்தைச் சொல்ல?"

கோலாலம்பூரில் சட்டம் படித்து, லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த ஹுய் சின்னுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போனாள். அப்பா மீனைச் சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மூடி மேல எப்பவும் ரெண்டு செங்கல் இருக்கும். சரிதானேப்பா?"

"ம்."

"போன வாரம் சதை எடுத்துப் பார்த்ததிலிருந்து அண்ணியால வலது கையைத் தூக்கவே முடியல. நான்தான் தலை சீவி விடுறேன். அவங்க தலைக்கு மேல இருக்கிற செங்கல்லை எப்படி இறக்கினாங்க?"

அப்பா துணியின் ஓரத்தை மடித்தார்.

"அதுவும் பழைய பேப்பரை விரிச்சு, அது மேல அடுக்கி வச்சிருக்கு. தரை கீறிடும்னு பேப்பர் விரிக்கிற ஆள் இந்த வீட்டுல யாரு?"

துணியை மடித்த கை நின்றது.

"நீங்களே திறந்துட்டு அவங்க மேல பழியைப் போட்டிருக்கீங்க. நாளைக்குக் கத்திக்குப் போற மனுஷிப்பா."

"மெதுவாப் பேசு."

"நீங்க மட்டும் கத்தலாமா? அண்ணி வந்த நாளிலிருந்து செல்லமா ஆ குவான், ஆ குவான்னுதானே கூப்பிடுவீங்க. இன்னிக்கு மட்டும் கோர்ட்டுல குற்றவாளியைக் கூப்பிடுற மாதிரி, மூணு தடவை முழுப் பேரு."

கம் வா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

"விடிஞ்சதும் திறந்தேன். மறந்து இல்ல, தெரிஞ்சேதான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் குதிச்சுது."

"எதுக்குப்பா?"

"உயிரோட இருந்தா கெட்டதைத் தடுக்கத்தான் செய்யும். செத்தா, வந்ததைக் கையோட வாங்கிக்கிட்டே போயிடும்."

ஹுய் சின்னின் குரல் இறங்கியது.

"அதுக்கு அண்ணியைத் திட்டணுமா?"

"திட்டலேன்னா தூக்கித் தண்ணியில விட்டிருப்பா. பார்த்தேல்ல, ஒத்தைக் கையோட குனிஞ்சதை?"

"சரி. முழுப் பேரு எதுக்கு?"

சிவப்புத் துணியின் முடிச்சை இறுக்கினார்.

"யாரோடதை வாங்கிக்கிட்டுப் போகணும்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? வெறும் ஆ குவான்னா, இந்த ஈப்போவுல ஆயிரம் பேர் இருக்காங்களேம்மா."