மாங்கொட்டைக் குருவி

எங்கள் மகள் ஷாரோன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு மாம்பழம் தின்றுவிட்டுப் போனாள். ஒரகடம் ரோட்டில் கம்பெனி வேன் கவிழ்ந்தது. பிணமாகத்தான் வந்தாள். அந்தக் கொட்டையை என் பெண்டாட்டி ரத்னா காயவைத்து, வெங்காயத்தோலில் இறக்கையும் கிராம்பில் மூக்கும் ஒட்டி, ஒரு குருவி செய்தாள். ஜன்னலுக்கு உள்பக்கம் நூலில் தொங்கவிட்டாள். மகள் அதில் வந்து தங்குவாள் என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

கார்த்திகையில் ஒருநாள் குருவியைக் காணோம். நூலில் போட்ட முடிச்சு அவிழவில்லை. பக்கத்து அறையில் குடியிருக்கும் பையன்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

"யாரும் எடுக்கலய்யா. நம்ம பொண்ணுதான் வெளிய பூட்டா," என்றாள் ரத்னா. "அந்த ஜன்னல் கொசுவலையக் கழட்டு. திரும்பி வர வழி வேணுமில்ல?"

"டெங்கு வந்தா ஒங்கப்பனா வந்து பாப்பான்?"

நாலு பக்கமும் நானே ஆணி அடித்த வலை. கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், வலைக்கு வெளிப்பக்கம் குருவி ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கை நார்நாராகக் கிழிந்திருந்தது. கிராம்பு முறிந்திருந்தது. அந்த இடத்தில் வலை உள்பக்கமாகக் குழிந்திருந்தது.

ரத்னா ஆணி பிடுங்கும் குறடு எடுத்து வந்து கொடுத்தாள். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் குருவியைக் கையில் எடுத்தேன். மாம்பழமே கிடைக்காத மாசம். கொட்டை இப்போதுதான் சூப்பிப் போட்டதுபோல் ஈரமாக இருந்தது.

அதே நூலில் கட்டியிருக்கிறோம். ஜன்னலில் வலை இல்லை. கொசு இரண்டு பேரையும் பிடுங்குகிறது. காலையில் எழுந்ததும் கொட்டையைத் தொட்டுப் பார்க்கிறோம். நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வருகிறது.