நாத்தனார் வீட்டுப் பிரதி

பூங்கோதையின் கணவர் தணிகாசலம் செத்தும் வாய் ஓயவில்லை. செருப்புப் பெட்டி அளவு சர்வருக்குள் டிஜிட்டல் பிரதியாக இருந்தபடி, "நீ சொன்னா சரிதான்" என்று அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடி விழுந்து சர்வர் கருகியது. பீரோவிலிருந்த பேக்கப் டிஸ்க்குக்கு வெள்ளிதோறும் குங்குமம் வைத்தாளே தவிர, ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. அது காலி.

"வேற வீட்ல அவரோட இன்னொரு காப்பி வைக்கச் சொன்னேனேக்கா?" என்றான் ரிப்பேர் பார்க்க வந்த இமானுவேல்.

"நாத்தனார்கிட்ட இருக்கு," என்று பல்லைக் கடித்தாள்.

நாத்தனார் கற்பகம் சிரித்த முகமாகக் கொண்டுவந்தாள். புதுச் சர்வரில் ஏற்றியதும் தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

"இந்த வீட்டைத் தங்கச்சிக்கே குடுத்துடலாம். கற்பகம் சொன்னா சரிதான்."

"அச்சு அசல் எங்கண்ணன்!" கற்பகம் கண்ணைத் துடைத்தாள்.

"பாவி, என் புருஷனயே திருத்தி வச்சிருக்கியே!" பூங்கோதை அலறினாள். "மூணு வருஷமா நான் உக்காந்து திருத்தினதெல்லாம் போச்சே!"