மடிப்புக்கு அந்தப் பக்கம்

போட்டோவின் மடிப்பு அவன் வலது தோளை ஒட்டி விழுந்திருந்தது.

அவள் அதை விரித்துப் படம் வரையும் பலகையின் ஓரத்தில் கிளிப்பால் மாட்டியிருந்தாள். மடிப்புக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் ஒரு பெண், கடுகு மஞ்சள் சேலையில்.

வரைகிற தாளில் அவன் முகம் முடிந்துவிட்டது. இனிப் பின்னணி மட்டும்தான்.

முந்தாநாள் அவன் அம்மா கொண்டுவந்தபோது போட்டோ இரண்டாக மடிந்திருந்தது. பெண் பின்பக்கம் போயிருந்தாள்.

"இவன் மட்டும் போதும். இவ வேண்டாம். பின்னாடி மரம் மட்டைன்னு ஏதாவது மங்கலாப் போட்டுருங்க. பதினாறாம் நாளுக்கு வேணும்."

"வேற படம் இல்லையாம்மா?"

"இருந்தா இதை ஏன் தூக்கிட்டு வாரேன்? எல்லாத்துலயும் மூஞ்சிய உம்முனு வச்சிருப்பான், அவங்க அப்பா மாதிரி. இதுலதான் சிரிக்கான். பெருசாக்கினா புள்ளி புள்ளியா வருதுன்னு போட்டோக் கடைக்காரன் சொல்லிட்டான்."

இறந்தவரின் பெயரைக் கேட்காமல் அவள் எந்த முகத்தையும் தொடங்குவதில்லை. பெயரை ஒருமுறை சொல்லிக் கண்களை மூடிக்கொள்வாள். பிறகுதான் வண்ணக் குச்சியைத் தொடுவாள்.

"உலகநாதன்," என்றார் அம்மா. "உலகு."

"இந்தப் பொண்ணு?"

"அவன் கெட்டிக்கிட்டவ. எங்க வீட்டுப் படி ஏறினதில்ல. நான் விடல. பேட்டையில இருந்தாங்க. அவன் மட்டும் வந்து பாத்துட்டுப் போவான். அன்னைக்கும் என்னைப் பாத்துட்டுத் திரும்புகையிலதான் லாரிக்காரன் இடிச்சிட்டான்."

வாசல்வரை போனவர் நின்றார்.

"படம் அவளோடது. எங்கிட்ட நல்ல படம் இல்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. குடுத்துவிட்டிருக்கா."

மடிப்பு புதிதாக இருந்தது. அந்த வெள்ளைக் கோட்டில் இன்னும் அழுக்குச் சேரவில்லை.

அவள் கரும்பச்சையிலிருந்து தொடங்கினாள். குச்சியைப் படுக்கவைத்து, அழுத்தாமல். இலை என்று எதையும் வரையவில்லை. பச்சையின் மேல் கொஞ்சம் நீலச் சாம்பல். உள்ளங்கையால் மெல்லத் தடவத் தடவ, விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. மரங்கள் தள்ளிப் போயின. தூள் உதிர்ந்து பலகைக்குக் கீழே படிந்தது.

அவன் இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கமும் பச்சையாயிற்று.

தள்ளி நின்று பார்த்தாள்.

அவன் நேரே பார்க்கவில்லை. கண்கள் வலப்பக்கம் திரும்பியிருந்தன. மடிப்புக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

இப்போது அங்கே யாரும் இல்லை. நிழல்தான் இருந்தது.

இனி அம்மா வீட்டுச் சுவரில் அவன் எத்தனை வருடமோ ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

கண்மணியைச் சற்று நகர்த்தினால் போதும். நேரே பார்ப்பான். அவள் கறுப்புக் குச்சியை எடுத்தாள்.

கீழே வைத்தாள்.

அது உலகுவாக இருக்காது.

பெட்டியில் கடுகு மஞ்சள் பாதிக் குச்சி கிடந்தது. அவன் பார்வை போய் நிற்கும் இடத்தில் அதை இரண்டு முறை இழுத்தாள். தலை இல்லை, தோள் இல்லை. மேலே துளி வெள்ளை, போட்டோவில் அந்தப் பெண் வைத்திருந்த பூ அளவுக்கு. பிறகு உள்ளங்கையால் தடவினாள். உருவம் எதுவும் மிஞ்சாதவரை தடவினாள்.

எங்கோ தூரத்தில் வெயிலில் ஒரு கொன்றை பூத்து நிற்பது போல இருந்தது.

தப்பென்றால் நீயே அழித்துவிடு, என்று சாமியிடம் சொல்லிக்கொண்டாள்.

மருந்து அடிக்கவில்லை. அடித்துவிட்டால் தூள் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அழியாது.

சாயங்காலம் அம்மா வந்தார்.

முதலில் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு மகனின் கண்கள் போகும் வழியே அவர் கண்களும் போயின.

"என்னத்தப் பாத்துச் சிரிக்கான்?"

பலகை ஓரத்தில் இருந்த போட்டோவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொன்றைப் பூ மாதிரி போட்டிருக்கேன்மா. இன்னும் மருந்து அடிக்கல. வேண்டாம்னா விரலால தேச்சாலே போயிரும்."

அம்மா விரலை நீட்டினார். மஞ்சளின் மேல் வைத்தார்.

தேய்க்கவில்லை.

எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. தலைப்பு கையிலேயே இருந்தும் துடைக்கவில்லை.

"மருந்து அடிச்சா அழியாதா?"

"அழியாதும்மா."

"அடிச்சிருங்க."

அவள் டப்பாவைக் குலுக்கி எட்ட நின்று அடித்தாள். நெடி அடங்கும்வரை அம்மா நகரவில்லை. ஈரம் பட்டு மஞ்சள் கொஞ்சம் அடர்ந்தது.

"கண்ணாடிச் சட்டம் போட்டு நாளைக்கு நானே குடுத்துவிடுதேன்மா," என்று சொல்லி, போட்டோவைக் கிளிப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்.

ஒருமுறை மடிந்த தாள். கைக்கு வந்ததும் மறுபடி மடங்கப் பார்த்தது.

அம்மா இன்னொரு கையால் அதை அணைத்துப் பிடித்தார்.

"ஒரு அட்டை இருந்தாக் குடுங்க. உள்ள வச்சுக்கிடுதேன். மடங்கிறக் கூடாது."

"பின்தெருதானேம்மா. அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது?"

"வீட்டுக்கு இல்ல," என்றார் அம்மா. "பேட்டைக்குப் போறேன்."