குடிமங்கலம் நால்ரோடு தாண்டி

நால்ரோட்டில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போதே என்ஜின் இருமியது. ஸ்டியரிங் நடுங்கியது.

ரோட்டைக் கடந்து நூறடி வந்ததும் நின்றே விட்டது.

வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினார். பின் சீட்டில் மகள் தாரணி. அவள் மடியில் சம்பந்தி வீட்டுக்கான முறுக்கு டின்.

"உம்பட மாமியா ஊட்டுக்குன்னாலே இதுக்குக் காச்சல் வந்துருது பாரு, அம்மிணி."

வாராவாரம் அடிக்கும் கிண்டல்தான். அவள் சிரிக்கவில்லை.

பானெட்டைத் தூக்கினார். இருபத்தேழு வயது வண்டி. இந்த ஒரு மாதத்தில் அதற்குச் செய்யாத வைத்தியம் இல்லை. பிளக் புதுசு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. மெக்கானிக் மயில்சாமி பட்டறையில் அரைநாள் ஓடவிட்டுப் பார்த்தான், சமர்த்தாக ஓடியது. கடைசியில் அவன் சந்தேகப்பட்டது இவரைத்தான்.

அவனுக்கே போன் போட்டார்.

"எங்கெங்க நின்னுச்சுன்னு எழுதி வெக்கச் சொன்னனே, வெச்சீங்களாங்ணா?"

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். நான்கு தடவை. நான்கும் ஞாயிற்றுக்கிழமை. நான்கும் தாராபுரம் போகும்போது.

"திரும்பி வரும்போது?"

யோசித்தார். மகளை விட்டுவிட்டுத் தனியாக வரும்போது ஒருநாளும் நின்றதில்லை.

"அப்பப் பெட்ரோல் பம்புக்குப் போற கரண்டு எங்கியோ கட்டாகுது. நடுவுல சுவிட்சு கிவிட்சு ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களா?"

"இல்லியே."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருக்கிறது.

வீட்டு வாசலிலேயே ஒருவன் வண்டியைக் கிளப்பப் பார்த்த வருடம், அவரே மாட்டியது. டிரைவர் சீட்டுக்கு அடியில், பின்பக்கமாக, விரல் நுழைகிற இடத்தில். அமுக்கினால் பெட்ரோல் ஏறாது. மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டு வண்டி நடுங்கி நின்றுவிடும். திருடனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மெக்கானிக்கிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரே ஒருத்திக்குக் காட்டியிருந்தார். அப்போது அவளுக்குப் பத்து வயது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

போனை வைத்தார்.

பெல்ட் பட்டால் தோள் வலிக்கிறது என்று அவள் பின் சீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தோள் ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

வாரம் தவறாமல் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வந்து நின்றாள். ஏன் என்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் வெயிலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து, எந்த ஒயரையாவது ஆட்டிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். தன் கைராசி என்று மயில்சாமியிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா வெயிலில் நிற்பதை அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொறுக்காமல் மறுபடி அமுக்கியிருக்கிறாள்.

அவரும் கிளப்பிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான்கு தடவையும்.

பாவி, என்று வாய்விட்டுச் சொன்னார். தன்னைத்தான்.

பானெட்டை மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை குனிந்திருந்தது.

போன் அடித்தது. மாப்பிள்ளை.

"இன்னும் எங்க இருக்கீங்க?"

"வண்டி நின்னுபோச்சுங்க, மாப்ள."

"எப்பச் சரியாகும்?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் விரல்கள் முறுக்கு டின்னை இறுகப் பிடித்திருந்தன.

"இனி அந்தப் பக்கம் ஓடாதுங்க" என்றார்.

மறுமுனையில் ஏதோ சத்தமாகக் கேட்டது. அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை வீடு இருக்கும் பொள்ளாச்சிப் பக்கமாக முழுவதும் ஒடித்தார். சாவியைத் திருகினார். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி திருகவும் இல்லை. சாவியில் கை வைத்தபடி காத்திருந்தார்.

சீட்டுக்கு அடியில் டிக் என்றது.