விழுந்து கிடக்கும் சுவிச்

உப்புவெளிக் கடற்கரையில் எழும்புகிற விடுதிக் கட்டடத்தின் முன்னால், கம்பத்தில் பூட்டிய மஞ்சள் கரண்ட் பெட்டி திறந்து கிடக்கிறது. மத்தியான வெயில் அதன் மூடியில் பட்டுத் தெறிக்கிறது. புருசனுக்குச் சோறு கொண்டுவந்த இன்ஷிரா அப்படியே நின்றுவிடுகிறாள். பெட்டிக்குள் ட்ரிப் சுவிச் கீழே விழுந்து, கரண்டை நிறுத்திக் கிடக்கிறது. ஆனாலும் கொங்கிரீட் மெஷின் கடகடவென்று சுற்றுகிறது. இதென்ன கூத்து, பிள்ளைகளே! உற்றுப் பார்த்தால், சுவிச்சைத் தாண்டி ஒரு சிவப்பு வயர் வளைந்து ஓடுகிறது. மெஷினடியில், கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீரில், அவளுடைய பாஹிம் வெறுங்காலோடு நிற்கிறான்.

“இதாரு செஞ்ச வேலை?”

மேற்பார்வை பார்க்கும் குணரத்தினம் கதிரையை விட்டு எழும்பவில்லை. “அது சும்மா சும்மா விழுகுது, தங்கச்சி. அதைப் பாத்துக்கொண்டிருந்தா வேலை செய்ய ஏலாது.”

“விழுறதுதானே அண்ணே அதுர வேலை! கரண்ட் ஒழுகுதெண்டு அது விழுந்து சொல்லுது. நீங்க தாண்டி வயர் போட்டா, அடுத்தது விழுறது என்ட மனிசன்தான்.”

“வீட்ட போ புள்ள, மானம் போகுது” என்கிறான் பாஹிம்.

“மானம் போகட்டும். நீங்க போகப்படாது.”

பெட்டியிலிருந்து மெஷினின் நீலப் பிளக்கைப் பிடுங்கி முக்காட்டு நுனியில் சுற்றிக்கொள்கிறாள். உருளை முனகி அடங்குகிறது. இவ்வளவு நேரமும் கேட்காத கடல் இப்போது கேட்கிறது. குணரத்தினம் கை நீட்டுகிறார். “பிளக்கைத் தாங்கோ, பிள்ளை.”

இன்ஷிரா சீமெந்துக் கல்லில் அமர்ந்து, பிளக்கை மடியில் வைத்தபடி சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறாள்.

“அந்த வயரக் கழட்டி, பழுதப் பாத்து, சுவிச்ச எழுப்புங்க. அது எழும்பி நிண்டாத்தான் நானும் எழும்புவன்.”