செவ்வந்தி ஓட்டிய படகு

ஏரியோரத்தில் முயல், கீரி, அணில் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு சின்ன மோட்டார் படகு இருந்தது. அன்று முயல் வீட்டு முறை. அந்த வீட்டுப் பெண் செவ்வந்தியைப் பெண் பார்க்க அக்கரையில் எட்டு முயல்கள் வந்து நின்றன. வீட்டில் படகோட்டத் தெரிந்தவள் அவள்தான் என்பதால், அவளே அழைத்துவரப் போனாள்.

"ஒரு நடைக்கு அஞ்சு பேர்தான் மாமா. எல்லாரும் மிதவைச் சட்டை போட்டுக்குங்க."

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சம்பந்தம் பேச வந்தவங்களைக் கரையில நிக்க வைக்கிறதா?"

"திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன் மாமா."

முணுமுணுத்தபடி அவர் ஏறினார். நடு ஏரியில் காற்று எழுந்தது. செவ்வந்தி வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினாள். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்து தளும்பியது. "அஞ்சு பேருக்கே இப்படியா!" என்று அவர் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டார்.

காற்று அடங்கிய பிறகு மற்றவர்களையும் அழைத்துவந்தாள். பிறகு இன்ஜினைத் தூக்கி, விசிறியில் சுற்றிய பாசியை எடுத்துவிட்டு, டேங்கில் பெட்ரோல் நிரப்பினாள்.

"இதையெல்லாம் இப்பவே செய்யணுமா?" என்றான் மாப்பிள்ளை.

"நாளைக்குக் கீரி வீட்டு முறை. குழந்தைகளோட போவாங்க."

அப்பா மகனைத் தனியே இழுத்தார். "நமக்குப் பிடிச்சாச்சு. அந்தப் பொண்ணுக்கு நம்மளைப் பிடிச்சிருக்கான்னு பணிவா கேளுடா."